மெட்ச் ஒன்று வைத்தால் ஊருக்கு எவ்வளவு காசு வரும்?

 

கொஞ்சம் நீளமான பதிவு. இப்போது நேரமில்லாதவர்கள் இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு வாசியுங்கள். வாசிக்காமல் "சேர் சொன்னா சரிதான்" என்று கீழே போடுபவர்களும், வாசிக்காமலேயே ஏசுபவர்களும் எமக்கு ஒன்றுதான்.

இரண்டு கிழமையாக நமது வாட்சப் குழுக்களில் ஒரே பேச்சு. அமெரிக்காவில் ஒரு கொலேஜ் புட்போல் மெட்ச் நடந்தால் அந்த ஊருக்கே கோடிக்கணக்கில் காசு கொட்டுகிறதாம். கொழும்பில் பிக் மெட்ச் இருக்கிறது, யாழ்ப்பாணத்தில் இருக்கிறது, கண்டியில் இருக்கிறது, நமது நகரில் மட்டும் ஏன் இல்லை? இரண்டு பாடசாலைகள், ஒரு மைதானம், நான்கு கூடாரம், ஒரு பேண்ட், இரண்டு லொறி ஊர்வலம். "ஊருக்கு வருமானம், பாடசாலைக்கு அபிவிருத்தி, பிள்ளைகளுக்குப் பெருமை." கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. அதோடு சேர்த்து வகுப்பாசிரியர்களின் கையில் டிக்கெட் புத்தகங்களும் வந்துவிட்டன. பிள்ளைக்குப் பத்து டிக்கெட். டிக்கெட் ஒன்று நூறு ரூபாய்.

எமது வகுப்புக்கு வந்த புத்தகங்கள் இன்னும் மேசை லாச்சிக்குள்தான் இருக்கின்றன. ஏன் அவற்றைப் பிள்ளைகளுக்குக் கொடுக்கவில்லை என்று கேட்டவர்களுக்குத்தான் இந்தப் பதிவு.

முதலில் அமெரிக்காவைப் பார்த்துவிடுவோம். அங்கே புட்போல் என்பது நாம் ஆடும் உதைபந்தாட்டம் அல்ல. தலையில் ஹெல்மெட் போட்டுக்கொண்டு முட்டை வடிவப் பந்தைக் கையில் தூக்கிக்கொண்டு ஓடும் விளையாட்டு. மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் மைதானத்தில் மட்டும் 107,601 பேர் உட்காரலாம். அது இருக்கும் ஆன் ஆர்பர் நகரத்தின் சனத்தொகையே ஒன்றேகால் இலட்சத்துக்குக் கிட்டத்தான். 2012 குடிசன மதிப்பீட்டில் நுவரெலியா மாவட்டத்தில் ஏழு இலட்சத்துச் சொச்சம் பேர். அந்த மைதானத்தை ஏழு தடவை நிரப்பினால் நமது மாவட்டத்தில் தொட்டில் பிள்ளை முதல் பாட்டி வரை அத்தனை பேரும் அடங்கிவிடுவோம். இதைத்தான் நமது டன்பார் மைதானத்தோடு ஒப்பிடுகிறார்கள்.

அங்கே காசு எங்கிருந்து வருகிறது? வடை வித்து வரவில்லை. மிச்சிகன் சேர்ந்திருக்கும் "பிக் டென்" என்ற பல்கலைக்கழகக் கூட்டு 2022இல் தொலைக்காட்சிக் கம்பனிகளோடு ஏழு வருட ஒப்பந்தம் செய்தது. அதன் பெறுமதி 700 கோடி டொலருக்கு மேல். ஒரு வருடத்தில் தன் ஊரில் ஆடுவது ஏழெட்டு மெட்ச்தான், ஆனால் நாடு முழுக்கத் தொலைக்காட்சியில் பார்க்கிறது. நமது மெட்ச்சை யார் ஒளிபரப்பப் போகிறார்கள்? யாராவது போனில் ஃபேஸ்புக் லைவ் போடுவார்கள், அதுவும் மூடுபனி இறங்கும் வரைக்கும்தான்.

அங்கேயும் அந்தக் காசு யாருக்குப் போனது தெரியுமா? பல மாநிலங்களில் அரசாங்கச் சம்பளப் பட்டியலின் உச்சியில் இருப்பவர் ஆளுநர் அல்ல, பல்கலைக்கழகப் பந்தாட்டக் கோச். ஆடிய பொடியன்களுக்குப் புலமைப்பரிசில், தங்குமிடம், சாப்பாடு. "நீ மாணவன், உனக்குச் சம்பளம் கிடையாது" என்று பல பத்து வருடங்களாகச் சொல்லி வைத்திருந்தார்கள். வழக்கு மேல் வழக்காகப் போட்டு, 2025 ஜூனில்தான் நீதிமன்றம் ஓர் இணக்கத்தை ஏற்றுக்கொண்டது. அதன்படி ஒரு பல்கலைக்கழகம் தன் வீரர்களுக்கு முதல் வருடத்தில் சுமார் 2 கோடி 5 இலட்சம் டொலர் வரை நேரடியாகப் பகிர்ந்து கொடுக்கலாம். அத்தனை கோடி புரண்ட இடத்திலேயே, ஆடியவன் தன் பங்கை வாங்க நீதிமன்றப் படி ஏற வேண்டியிருந்தது.

ஊருக்கு வரும் காசைக் கணக்குப் பார்த்த பொருளியல் அறிஞர்கள் அங்கேயே நிறையப் பேர் இருக்கிறார்கள். மைதானக்காரர் சொல்லும் தொகைக்கும் ஊரில் உண்மையாகக் கூடிய தொகைக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம் என்பதுதான் அவர்களில் பெரும்பாலானோரின் முடிவு. காரணம் எளிது. உள்ளூர்க்காரன் மைதானத்தில் செலவழித்த காசு, அவன் வேறு ஒரு கடையில் செலவழித்திருக்க வேண்டிய காசு. மெட்ச் நாளில் நெரிசலுக்குப் பயந்து வழமையான வாடிக்கையாளர் கடைப்பக்கமே வருவதில்லை. குளிர்பானம் விற்ற இலாபம் அந்தக் கம்பனியின் தலைமையகம் இருக்கும் ஊருக்குப் போய்விடுகிறது. வெளியூரிலிருந்து வந்து, இரவு தங்கி, சாப்பிட்டுப் போகிறவனின் காசு மட்டுமே ஊருக்குப் புதுக்காசு.

இந்தக் கடைசி வரியைப் பிடித்துக்கொண்டு நமது நாட்டுக்கு வாருங்கள்.

ரோயல் - சென் தோமஸ் மெட்ச் 1879இல் தொடங்கியது. (முதல் மெட்ச்சில் ஆசிரியர்மாரும் சேர்ந்து ஆடினார்களாம். அடுத்த வருடத்திலிருந்து எங்கள் இனத்தை வெளியே அனுப்பிவிட்டார்கள்.) 2025இல் நடந்தது 146ஆவது. அங்கே காசு வருகிறது, மறுக்கவில்லை. ஆனால் கொடுப்பவர் யார்? அந்தப் பாடசாலைகளின் பழைய மாணவர்கள். கம்பனிப் பணிப்பாளர்கள், வங்கி உயரதிகாரிகள், சட்டத்தரணிகள். அவர்களே கூடாரம் போட்டு, அவர்களே டிக்கெட் வாங்கி, அவர்களது கம்பனியே அனுசரணை கொடுக்கிறது. யாழ்ப்பாணத்தில் மத்திய கல்லூரிக்கும் சென் ஜோன்ஸ் கல்லூரிக்கும் 1904இலிருந்து நடக்கும் வடக்கின் பெரும் சமரும் அப்படித்தான். லண்டனிலிருந்தும் கனடாவிலிருந்தும் பழைய மாணவர்கள் வந்து இறங்குகிறார்கள். கண்டி டிரினிட்டிக்கும் ரோயலுக்கும் 1945இலிருந்து பிரட்பி கேடயத்துக்காக றகர் நடக்கிறது. ஒரு மெட்ச் கண்டியில், ஒரு மெட்ச் கொழும்பில். கண்டியில் ஆடும் கிழமை கொழும்பிலிருந்து வாகனம் வாகனமாக ஆள் வருகிறது, தங்குகிறது, செலவழிக்கிறது. அது கண்டிக்குப் புதுக்காசு.

நமது மெட்ச்சுக்கு யார் வருவார்கள்? டிக்கோயாவிலிருந்து, நோர்வூட்டிலிருந்து, கொட்டகலையிலிருந்து, வட்டவளையிலிருந்து, கூடிப்போனால் பொகவந்தலாவையிலிருந்து வருவார்கள். மெட்ச் முடிந்ததும் கடைசி பஸ்ஸைப் பிடிக்க ஓடுவார்கள். அவர்களில் யார் ஹட்டனில் அறை எடுத்துத் தங்கப் போகிறார்?

வெளியூர்க் காசு என்றால் என்னவென்று நமது கடை முதலாளிமாருக்கு நாம் சொல்லிக் கொடுக்கத் தேவையில்லை. ஒவ்வொரு வருடமும் மார்கழிப் போயாவிலிருந்து வெசாக் வரைக்கும் சிவனொளிபாத மலைக்கு, நாங்கள் பாவா ஆதம் மலை என்று சொல்லும் அந்த மலைக்கு, இலட்சக்கணக்கில் சனம் வருகிறது. இரவு ரயிலில் இறங்கி, ஹட்டனில் தேத்தண்ணி குடித்து, பஸ் ஏறி மஸ்கெலியா வழியாக நல்லதண்ணிக்குப் போகிறது. அதுதான் புதுக்காசு. ஏப்ரலில் நுவரெலியாவுக்கு வரும் சீசன் கூட்டமும் அப்படித்தான். இவ்வளவு காசு வருடா வருடம் நமது வீதியால் போய் வருகிறதே, லயத்தில் எந்தக் கூரைத்தகரம் அதனால் மாறியது என்பது வேறு கதை. இன்னொரு நாளைக்கு எழுதுவோம்.

ஆகவே மெட்ச் நாளில் மைதானத்துக்குள் சுற்றப் போவது நமது சொந்தக் காசு. பத்தாம் திகதி சம்பளக் காசு. ஞாயிற்றுக்கிழமை டவுனுக்கு வந்து அரிசி, பருப்பு, கருவாடு, பிள்ளைக்குக் கொப்பி வாங்க வைத்திருக்கும் காசு. மைதானத்து வாசலில் றோல்ஸ் விற்பவருக்கு இருநூறு ரூபாய் கூடினால், பிரதான வீதிக் கடைக்கு இருநூறு ரூபாய் குறையும். முதலாளிமாரே, இதை நீங்கள் எங்களைவிட வேகமாகக் கணக்குப் பார்ப்பீர்கள். பிறகு ஏன் கூட்டத்தில் தலையாட்டினீர்கள் என்பதுதான் எமக்கு விளங்கவில்லை.

இப்போது டிக்கெட் புத்தகத்துக்கு வருவோம்.

2024 செப்டெம்பரில் வர்த்தமானி போட்டபோது நாட்சம்பளம் 1,350 ரூபாயாக இருந்தது. இபிஎப் 8 வீதம் கழிந்தால் அன்று கையில் வந்தது 1,242. அதுவும் முழுப்பேர் விழுந்தால்தான். நிறைக்குக் கொழுந்து இல்லையென்றால் அரைப்பேர். மழை நாளில் அட்டைக்கடியோடு மலையில் நின்று எடுத்த பேர் அது. நாம் அந்த அம்மாவின் பிள்ளை கையில் ஆயிரம் ரூபாய்க்கு டிக்கெட் புத்தகத்தைக் கொடுத்து "வித்துக்கொண்டு வா" என்கிறோம். பிள்ளை யாரிடம் விற்கும்? பக்கத்துக் காம்பராவிலும் டிக்கெட் புத்தகத்தோடு ஒரு பிள்ளை நிற்கிறது. அடுத்த லயத்திலும் நிற்கிறது. கடைசியில் அம்மாதான் பத்தையும் வாங்குவார். ஒரு நாள் கூலியில் பெரும்பங்கு போய்விடும். வீட்டில் இரண்டு பிள்ளை படித்தால் இரண்டு புத்தகம்.

இதைப் பொறுப்பில்லாமல் சொல்லவில்லை. நாமே செய்திருக்கிறோம். சில வருடங்களுக்கு முன் வேறொரு பாடசாலையில் இருந்தபோது இப்படியொரு போட்டிக்கு நாமும் டிக்கெட் கொடுத்தோம். ஒன்பதாம் ஆண்டுப் பிள்ளை ஒன்று மூன்று நாள் பாடசாலைக்கு வரவில்லை. காய்ச்சல் என்று நினைத்தோம். நான்காம் நாள் தாய் வந்தார். மலைக்குப் போகும் உடுப்போடு, தலையில் கட்டிய துண்டோடு. விற்காத ஏழு டிக்கெட்டையும் மூன்று டிக்கெட் காசையும் மேசையில் வைத்துவிட்டு, "சேர், மிச்சத்துக்குச் சம்பளத்தன்னைக்குத் தாறேன், புள்ளய ஏசாதீங்க" என்றார். அந்தப் பிள்ளையை நாம் ஏசியிருக்கவில்லை. ஆனால் காலைக் கூட்டத்தில் எந்த வகுப்பு எத்தனை டிக்கெட் விற்றது என்று ஒலிபெருக்கியில் வாசித்தோம். ஏசுவதற்கு அதைவிட வேறு என்ன இருக்கிறது?

அந்த மெட்ச் "மாபெரும் வெற்றி" என்று மேடையில் அறிவித்தார்கள். கணக்கு வெளியே வரவே இல்லை. கேட்டபோது "இப்ப செலவு எல்லாம் எப்படி என்று தெரியும்தானே சேர்" என்றார்கள். உண்மைதான், செலவு தெரியும். கூடாரம், ஒலிபெருக்கி, ஜெனரேட்டர், பதாகை, மலர் அச்சிட்ட கூலி, கிண்ணம், பிரதம அதிதிக்குப் பொன்னாடை, பிரதம அதிதியோடு வந்தவர்களுக்குப் பொன்னாடை, அவர்களைக் கூட்டிவந்தவருக்கும் பொன்னாடை. அடுத்த தவணையில் பிள்ளைகள் விளையாடப் பந்து இல்லை. ஆசிரியர் அறையில் காசு சேர்த்து நாம்தான் ஒரு பந்து வாங்கினோம்.

கரும்பலகைக் கணக்காகவே போட்டுப் பார்ப்போம். 1,500 பேர் வருகிறார்கள் என்று வையுங்கள். தலைக்கு நூறு. ஒன்றரை இலட்சம். பெரிய தொகைபோலத் தெரியும். அதில் பெரும்பகுதி பிள்ளைகள் தம் தாய் தகப்பனுக்கு விற்ற டிக்கெட். அதாவது பெற்றோரிடம் எடுத்து, கூடாரக்காரருக்கும் ஒலிபெருக்கிக்காரருக்கும் கொடுத்து, மிஞ்சினால் பாடசாலைக்கு. பெற்றோரிடம் நேரடியாக "பிள்ளைகளுக்குப் பந்து வேண்டும், ஆளுக்கு ஐம்பது தாருங்கள்" என்று பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கூட்டத்தில் கேட்டு, ரசீது கொடுத்து வாங்கினால் இதில் பாதி உழைப்புக்கூட வேண்டாம். ஆனால் அதில் பொன்னாடை இல்லை, படம் எடுக்க முடியாது.

இன்னொரு விடயம். கொழும்பைப் பார்த்து நாமும் தொப்பி ஏந்தப் போகிறோமாம். மார்ச் மாதத்தில் அங்கே பொடியன்கள் வாகனங்களை மறித்துத் தொப்பியை நீட்டிக் காசு கேட்பது ஒரு "ட்ரெடிஷன்". பணக்காரப் பிள்ளை பிச்சை எடுத்தால் அது பம்பல். நமது பிள்ளை ஹட்டன் பஸ் நிலையத்தில் தொப்பியை நீட்டினால் அதற்கு வேறு பெயர் வைப்பார்கள். அந்தப் பெயரிலிருந்து வெளியே வரத்தான் நமது மூன்று தலைமுறை படித்தது.

எதிரணி பற்றி யாருமே பேசவில்லை. அமெரிக்காவில் பெரிய பல்கலைக்கழகங்கள் சின்னப் பல்கலைக்கழகங்களைக் காசு கொடுத்து அழைத்துத் தம் மைதானத்தில் வைத்துத் தோற்கடிப்பது வழக்கம். 2007 செப்டெம்பரில் அப்பலேச்சியன் ஸ்டேட் என்ற சின்ன அணிக்கு 400,000 டொலர் கொடுத்து மிச்சிகன் அழைத்தது. வந்த அணி அந்த இலட்சம் பேருக்கு முன்னால் 34-32 என்று வென்றுவிட்டுப் போனது. வாசிக்க எமக்குப் பெரிய சந்தோஷம். ஆனால் கவனியுங்கள்: வென்றாலும் தோற்றாலும் வந்த அணிக்குக் காசு எழுத்தில் இருந்தது.

நமது வழக்கம் என்ன? டவுன் பாடசாலை அழைக்கும், தோட்டப் பாடசாலை வரும். போகும்போது லொறி அல்லது வேன் ஏற்பாடு. வரும்போது "பிள்ளைகள் பஸ்ஸில் போவார்கள்தானே". பஸ் சந்தியில் இறக்கிவிடும். அங்கிருந்து மேல் டிவிஷனுக்கு மூன்று, நான்கு கிலோமீற்றர் இருட்டில் நடை. இப்படியொரு மெட்ச்சில் கோல் அடித்த ஒரு பொடியனை எமக்குத் தெரியும். காலில் போட்டிருந்த பூட்ஸ் அடுத்தவனுடையது, ஒரு சைஸ் பெரிசு, முன்னால் கடதாசி வைத்து ஆடினான். மெட்ச் முடிந்ததும் கழற்றிக் கொடுத்துவிட்டுச் செருப்போடு மலை ஏறினான். அன்றைக்கு அவனது தகப்பனுக்குப் பேரும் இல்லை, மகனின் ஆட்டத்தைப் பார்க்க வந்ததால். அந்த மெட்ச்சின் வரவு செலவில் இந்த இரண்டு பேரும் எந்தப் பக்கத்தில் எழுதப்பட்டார்கள்?

பெண் பிள்ளைகளையும் மறந்துவிடவில்லை. டிக்கெட் விற்கவும் பூத்தட்டு ஏந்தவும் அவர்கள் வேண்டும். மைதானத்தில் இறங்க மட்டும் அவர்களுக்கு அணி இல்லை.

"சேருக்கு விளையாட்டுப் பிடிக்காது", "மௌலவி மாதிரிப் பேசுறார்" என்று வரப்போவது தெரியும். நாமும் அந்த மைதானத்துச் சேற்றில் உருண்டவர்கள்தான். கொழும்பு சாஹிராவும் ஹமீத் அல் ஹுசைனியும் உதைபந்தாட்டத்தில் யாரென்று கேட்டுப் பாருங்கள், இளவாலை ஹென்றியரசர் யாரென்று கேட்டுப் பாருங்கள். விளையாட்டு நமது பிள்ளைகளுக்கு வேண்டும். தமிழ்ப் பிள்ளையும் சிங்களப் பிள்ளையும் முஸ்லிம் பிள்ளையும் ஒரே கோட்டில் தொண்டை கிழியக் கத்தும் நாள் வருடத்தில் ஒன்றாவது வேண்டும். அதற்குச் செலவழியும் என்றால் செலவழிக்கலாம். ஆனால் அதைச் செலவு என்று சொல்லுங்கள். வருமானம் என்று சொல்லிப் பிள்ளைகளிடம் பறிக்க வேண்டாம்.

கூடாரங்கள் பற்றியும் ஒரு வார்த்தை. "பழைய மாணவர் கூடாரம்" என்றால் அதற்குள் என்ன நடக்கும் என்று எல்லோருக்கும் தெரியும். 2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டப்படி மதுபான, சிகரட் கம்பனி அனுசரணை கூடாது. 21 வயதுக்குக் குறைந்தவருக்கு விற்கவும் கூடாது. பெயர்ப்பலகை இல்லாமல் போத்தல் வந்தால் சட்டம் கண்டுகொள்ளாது என்று நினைக்கிறார்கள்போல. லயத்தில் குடியால் எத்தனை வீட்டில் அடுப்பு எரியவில்லை என்று தெரிந்த ஊர் இது. பாடசாலையின் பெயரால் இன்னொரு கூடாரம் வேண்டாம்.

கடைசியாகக் கணக்கு. பள்ளிவாசலில் ஜும்ஆ வசூல் எவ்வளவு என்று அடுத்த கிழமை பலகையில் எழுதிவிடுகிறார்கள். கோயில் திருவிழா முடிந்தால் உபயகாரர் பெயர், வரவு, செலவு, மிச்சம் என்று நோட்டீஸ் அடித்து ஒவ்வொரு லயத்துக்கும் கொடுக்கிறார்கள். ஐந்து ரூபாய் கொடுத்தவரின் பெயரும் அதில் இருக்கும். குர்ஆனில் ஆக நீளமான வசனமே கொடுக்கல் வாங்கலை எழுதி வைப்பது பற்றியதுதான். மதத்தலங்கள் செய்வதைப் படித்தவர்கள் நடத்தும் பாடசாலை மெட்ச் ஏன் செய்ய முடியாது?

நாம் கேட்பது இவ்வளவுதான். டிக்கெட் புத்தகம் பிள்ளைகள் கைக்குப் போகக் கூடாது. விற்க வேண்டுமென்றால் வாசலில் மேசை போட்டுப் பெரியவர்கள் விற்கட்டும். அனுசரணைக் காசு யாருடைய சட்டைப்பைக்கும் அல்ல, பாடசாலைக் கணக்குக்கு, ரசீதோடு. முதல் செலவு கூடாரம் அல்ல. இரண்டு அணிப் பிள்ளைகளுக்கும் பூட்ஸ், மதியச் சோறு, வந்த அணியை அவர்களது டிவிஷன் வாசல் வரை கொண்டுபோய் விடும் வாகனம். மெட்ச் முடிந்து பதினான்கு நாளுக்குள் வரவு செலவை பாடசாலை வாசலில் ஒட்ட வேண்டும். இதற்குச் சம்மதம் என்றால் முதல் டிக்கெட்டை நாமே வாங்குகிறோம், கோட்டுக்குச் சுண்ணாம்பு போடவும் வருகிறோம்.

வெள்ளிக்கிழமை பின்னேரம் மூன்று மணிக்குப் பாடசாலை மண்டபத்தில் கூட்டம். ஜும்ஆ முடிந்து நாம் வந்துவிடுவோம். மலையிலிருந்து வரும் அம்மாமாருக்கு அந்த நேரம் கொழுந்து நிறுவை முடிந்திருக்காது. கூட்டத்தை நாலரைக்கு மாற்றும்படி இன்று காலையே எழுத்தில் கொடுத்திருக்கிறோம். பதில் வந்ததும் இங்கேயே போடுகிறோம்.